கல்லும் சீட்டும்

சென்னை அருங்காட்சியகம் சிலைகளோடு தொடங்கவில்லை, கற்களோடு தொடங்கியது. சென்னை இலக்கியச் சங்கம் தன்னிடம் சேர்ந்து கிடந்த 1,100 பாறை மாதிரிகளை ஒப்படைத்தது. அவற்றைக் கொண்டு 1851-இல், கல்லூரிச் சாலையிலிருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில், எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் அதற்குப் புகழ் சேர்த்தது பிறகுதான். அதே அருங்காட்சியகம் 1904-இல் இன்னொரு கல் தொகுப்பை விலை கொடுத்து வாங்கியது. அது ஒரு தனிமனிதர் நாற்பது ஆண்டுகள் சேர்த்தது. அவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ராபர்ட் புரூஸ் ஃபூட். பாடநூல்கள் அவரைப் பற்றிச் சொல்லும்போது தவறாமல் ஒரு நாளைக் குறிப்பிடும்: 1863 மே 30, பல்லாவரத்தில் அவர் கைக்கோடரியைக் கண்ட நாள். அந்த நாளின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைவிட, ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்துகொண்டு, தன் பழைய கற்களைப் பிரித்து, எது எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் எழுதி முடித்த ஆண்டுகளே நம் வரலாற்றுக்கு அதிகம் கொடுத்தன என்பது என் வாதம்.

முதலில் அந்த நாளையே பார்ப்போம். ஃபூட் 1858-இல் துறையில் சேர்ந்தவர். பல்லாவரத்துக்கு வந்தபோது வயது 28. பட்டாளத்தின் அணிவகுப்புத் திடலுக்குப் பக்கத்தில், சரளை வெட்டியெடுத்த ஒரு பள்ளத்தில், செம்புரைக்கல் சரளைக்கு நடுவே அந்தக் கல் கிடந்தது. குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையில், இரு முகமும் செதுக்கப்பட்ட கல். அதை மனிதக் கை செய்தது என்று அவர் உடனே புரிந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பிரான்சில் சோம் ஆற்றின் சரளையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகள் கிடைக்கின்றன என்று பூஷே த பெர்த் என்பவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். யாரும் பெரிதாக நம்பவில்லை. 1859-இல் பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னது உண்மை என்று அறிவித்தார்கள். அந்தச் செய்தி உலகத்துக்குத் தெரிந்து நான்கே ஆண்டுகளில் பல்லாவரம் நிகழ்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28-இல், ஃபூட்டும் அவருடைய துறைத் தோழர் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அங்கே கருவிகள் ஒன்றிரண்டாக அல்ல, ஏராளமாகக் கிடந்தன. 1866-இல் இவற்றைப் பற்றிய அவருடைய கட்டுரை சென்னையில் வெளியாயிற்று.

இதில் முதன்முதலில் கண்டுகொண்ட கண்ணுக்கே எல்லாப் புகழும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கற்கருவியை ‘இது சாதாரணக் கல் அல்ல’ என்று கண்டவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். 1842-இலேயே பிரிம்ரோஸ் என்ற மருத்துவர் இன்றைய கர்நாடகத்து லிங்கசுகூரில் கற்கருவிகளைக் கண்டார். 1861-இல் லெ மெஸுரியர் என்பவர் வடக்கே டோன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மெருகேற்றிய கற்கோடரிகளைச் சேகரித்தார்; அவற்றில் பல, கிராமத்தார் மரத்தடியில் சாமியாக வைத்துக் கும்பிட்டவை. நம் சேர்வராயன் மலையிலும் அதே கதைதான். மலையாளிப் பழங்குடியினர் காட்டிலும் கொல்லையிலும் கிடைத்த வழவழப்பான கற்கோடரிகளைச் சிறு கோயில்களில் பிள்ளையாரோடு சேர்த்து வைத்திருந்தார்கள். கூர்மையான கண் அவர்களுக்கும் இருந்தது. ஆற்றங்கரையில் ஆயிரம் கூழாங்கற்கள் கிடக்க, செய்பொருளை மட்டும் தனியே எடுத்துப் பீடத்தில் வைத்தவர்கள் ஒருவகையில் தரம் பிரித்தவர்களே. ஆனால் பீடத்துக்கு வந்த கல், எந்த நிலத்தில் எந்த ஆழத்தில் எந்தக் கற்களோடு கிடந்தது என்ற செய்தியை வழியிலேயே விட்டுவிட்டு வந்தது. பிரிம்ரோஸின் கற்களும் தென்னிந்தியத் தொல்பழங்காலம் என்ற ஒரு துறையை உருவாக்கவில்லை. ஆக, காண்பது மட்டும் போதவில்லை. கண்டதை நாற்பது ஆண்டுகள் விடாமல் சேர்த்து, கடைசியில் ஊர்வாரியாகப் பிரித்து வைத்த ஒருவர் தேவைப்பட்டார்.

ஃபூட் 1891-இல் பணி ஓய்வு பெற்றார். பிறகு பரோடாவிலும் மைசூரிலும் சமஸ்தானங்களுக்காக வேலை செய்தார். சென்னை அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இருந்த தொல்பழங்காலப் பொருள்களுக்கு அவர் எழுதிய அட்டவணை 1901-இல் அச்சானது. அதன்பின் சொந்தத் தொகுப்பு அருங்காட்சியகத்துக்குப் போனது. அதற்கான பட்டியலையும், அந்தக் கற்களின் காலம், பரவல் பற்றிய குறிப்புகளையும் எழுதினார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவர் இறந்தபோது இரண்டுமே அச்சேறியிருக்கவில்லை. பட்டியல் 1914-லும் குறிப்புகள் 1916-லும் வந்தன. பல்லாவரத்தில் கல்லைக் கையில் எடுத்ததற்கும் அச்சிட்ட பட்டியலில் அந்தக் கல்லுக்கு ஓர் இடம் கிடைத்ததற்கும் இடையில் அரை நூற்றாண்டு. பட்டியலைப் புரட்டினால் படிப்பதற்குச் சுவையான நூல் அல்ல: எண், பொருள், எந்தக் கல்லில் செய்தது, எந்த ஊர். மாவட்டம் மாவட்டமாக இது நீள்கிறது. கற்கருவியும் பானை ஓடும் இரும்புத் துண்டும் கிடைத்த நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள். அழகான கற்களை முன்னால் வைத்து, சாதாரணமானவற்றைப் பின்னுக்குத் தள்ளும் ஆசை எந்தச் சேகரிப்பாளருக்கும் வரும். ஃபூட் ஊரையே முதல் அளவுகோலாக வைத்தார். அதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

எந்த அளவுகோலை வைத்துப் பிரிக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். ஃபூட்டின் குடும்பத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் கிடைக்கிறது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் உடன் வைத்துக்கொண்டவர். சென்னையில் தினவர்த்தமானி இதழை நடத்தியவர். 1882-இல் ஏற்காட்டில் மறைந்தவர். மருமகன் கல் சேர்த்தார், மாமனார் பழமொழி சேர்த்தார். 1842-இல் யாழ்ப்பாணத்தில் முதலில் வெளிவந்த பெர்சிவலின் பழமொழித் தொகுப்பு, 1874-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்தைத் தாண்டியது. தமிழுக்கு அது பெருங்கொடை. ஆனால் அது அகரவரிசையில் அமைந்தது. ஒரு பழமொழி இருக்கிறதா என்று தேடினால் உடனே கிடைக்கும். அதை எந்த ஊரில், எந்தத் தொழில் செய்தவர் வாயிலிருந்து கேட்டார் என்று தேடினால் கிடைக்காது. 1897-இல் ஜென்சன் என்ற பாதிரியார் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்தார். வறுமையைப் பற்றி என்னென்ன சொன்னார்கள், உறவைப் பற்றி என்னென்ன சொன்னார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே விடை உண்டு. ஊர் அங்கும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பழமொழி எது, தஞ்சாவூர்ப் பழமொழி எது என்று இன்று பிரிக்க நினைப்பவர் இந்த இரண்டு நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? பிரித்து அடுக்கும் வேளையில் எதை விட்டுவிடுகிறோமோ, அதைப் பற்றிய கேள்வியைப் பின்னால் வருகிறவர் கேட்கவே முடியாது. பெர்சிவலும் ஜென்சனும் செய்தது பிழை என்று சொல்லவில்லை. அவர்களுடைய நோக்கம் வேறு. ஆனால் ஃபூட் தன் கற்களை வடிவத்தை மட்டும் வைத்து அடுக்கியிருந்தால், நமக்கும் அழகான கைக்கோடரிகளின் அணிவகுப்பு மிஞ்சியிருக்குமே தவிர, அத்திரம்பாக்கம் மிஞ்சியிருக்காது.

நிலவியல் தெரிந்தவர்கள் இங்கே ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார்கள்: ஊர் எழுதிய சீட்டு எதற்கு, கல்லே தன் ஊரைச் சொல்லுமே என்று. இதற்கு அவர்கள் காட்டக்கூடிய சான்றும் பல்லாவரத்துப் பக்கமே இருக்கிறது. கல்கத்தாவில் வணிகக் குடியேற்றத்தை நிறுவிய ஜாப் சார்னாக் 1693-இல் இறந்தார். புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கும் அவருடைய கல்லறைக் கல், வங்காளத்து வண்டல் மண்ணில் கிடைக்காத கருநிறப் பாறை. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, அது பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையின் இனம் என்று காட்டினார். அந்தப் பாறை இனத்துக்கே சார்னோக்கைட் என்று பெயரும் வைத்தார். பரங்கிமலைப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். எந்தச் சீட்டும் இல்லாமல், தாதுக்களின் கலவையை வைத்தே ஒரு கல்லின் பிறப்பிடத்தைக் கண்டுவிட்டார்கள் அல்லவா? கண்டார்கள். ஆனால் கல் பிறந்த இடம் வேறு, மனிதன் அதை விட்டுச்சென்ற இடம் வேறு. கைக்கோடரிக்கான குவார்ட்சைட் ஏதோ ஒரு குன்றில் உடைந்து, வெள்ளத்தில் உருண்டு, கூழாங்கல்லாகி, ஆற்றங்கரையில் ஒருவர் கையில் ஏறி, அவர் நடந்த தூரம் நடந்து, கடைசியில் ஓரிடத்தில் விழுந்தது. தாதுக்கள் அந்தப் பயணத்தின் தொடக்கத்தை மட்டுமே சொல்லும். முடிவை, அதாவது மனித வரலாறு இருக்கும் பகுதியை, கண்டெடுத்தவர் எழுதினால்தான் உண்டு. கனிமச் சேகரிப்பில் சீட்டு தொலைந்தால் பாதி நட்டம் என்றால், கற்கருவிச் சேகரிப்பில் சீட்டு தொலைந்தால் ஏறக்குறைய முழு நட்டம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. தனிமனிதர் பொறுக்கும் கற்கள் தரையில் கிடந்த எல்லாவற்றுக்கும் மாதிரி ஆகாது. கண்ணைக் கவர்ந்தது மட்டுமே பைக்குள் போகும். கருவி செய்யும்போது தெறித்த சில்லுகள், பாதியில் உடைந்து கைவிடப்பட்டவை, மூலக்கல்லின் எச்சம் ஆகியவைதான் ஒரு பட்டறையின் கதையைச் சொல்லும்; அவற்றை அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். மேற்பரப்பில் எடுத்த கல்லுக்கு மண்ணடுக்கின் சாட்சியும் கிடையாது. இது உண்மை. பழைய தொகுப்பை வைத்துக்கொண்டு ஓர் ஊரில் எத்தனை வகைக் கருவிகள் என்ன விகிதத்தில் இருந்தன என்று கணக்குப் போடுபவர் ஏமாந்துபோவார். ஆனாலும் தனியார் தொகுப்பு பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. காமியாட் என்பவர் தென்கிழக்கு இந்தியாவில், குறிப்பாக கர்னூல் பக்கத்தில் சேர்த்த கற்களைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் பர்கிட் பிரித்துப் பார்த்தார். 1930-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, கற்கருவிகளை நான்கு வரிசைகளாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலங்களாக அடுக்கிக் காட்டியது. பின்னால் வந்தவர்கள் அந்த வரிசையைத் திருத்தினார்கள். ஆனால் திருத்துவதற்கு ஒரு வரிசை இருந்தது. எந்த ஆற்றங்கரை, எந்தக் கணவாய் என்று காமியாட் குறித்து வைத்திருக்காவிட்டால் பர்கிட்டுக்கு அடுக்குவதற்கே வழி இருந்திருக்காது. விடுபட்ட சில்லுகளைப் பொறுத்தவரை, அவை இன்னும் அந்த ஊரில்தான் கிடக்கின்றன. திரும்பிப் போகத் தெரிந்தால் போதும்.

சேகரித்தவரின் கொள்கையே தவறாக இருந்தால்? ஃபூட்டின் கொள்கைகளில் சில தவறாகவே போயின. கடற்கரையோரச் செம்புரைக்கல் படிவுகள் கடலுக்கடியில் உருவானவை என்று அவர் முதலில் கருதினார்; அது நிலைக்கவில்லை. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவே நெடிய இடைவெளி இருந்தது, முதல் மக்களுக்கும் பின்வந்தவர்களுக்கும் தொடர்பு இல்லை என்றும் அவர் நம்பினார். இடைக்கற்காலம் என்ற வகைக்கு அவருடைய வகைப்பாட்டில் இடமே இல்லை. ஆனால் திருநெல்வேலிச் சீமையின் செந்நிறத் தேரி மணலில், சாயர்புரத்தில், அவரே சின்னஞ்சிறு கற்சில்லுகளைப் பொறுக்கியிருந்தார். இடைவெளி இருந்தது என்று எழுதியவரின் பெட்டியிலேயே அந்த இடைவெளியை நிரப்பும் கற்கள் இருந்தன. 1945-இல் ஐயப்பன் என்ற ஆய்வாளர் அதே சாயர்புரத்தை இடைக்கற்கால இடமாக எடுத்து எழுதினார். 1956-இல் சாய்னர், ஆல்ச்சின் என்ற இரு ஆய்வாளர்கள் தேரிகளின் நுண்கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நல்ல பட்டியலின் இயல்பு இதுதான். சேகரித்தவரின் கருத்து வேறு, அவர் குறித்து வைத்த செய்தி வேறு என்று இரண்டையும் பிரித்து எடுக்க முடியும். கருத்து விழுந்த பிறகும் செய்தி நிற்கும். சாயர்புரம் என்ற பெயருக்குப் பதிலாக ‘புதிய கற்காலச் சில்லுகள்’ என்று மட்டும் அவர் எழுதியிருந்தால், பிழையான கொள்கையோடு கற்களும் போயிருக்கும்.

இந்த வாதத்துக்கு மிகப் பெரிய சான்று அத்திரம்பாக்கமே. கிருஷ்ணசாமி முதலிய அறிஞர்கள் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கொற்றலையாற்றுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள்; தென்னாட்டுக் கைக்கோடரி மரபுக்கு ‘மதராஸ்’ மரபு என்றே பெயர் நின்றது. 1999-இல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே முறையான அகழாய்வைத் தொடங்கினார்கள். மண்ணில் அடுக்கடுக்காக இறங்கினார்கள். பெரிய கருவி, சிறு சில்லு என்ற வேறுபாடில்லாமல் எல்லாவற்றையும் எடுத்துப் பதிவு செய்தார்கள். 2011-இல் அவர்கள் வெளியிட்ட கணிப்பின்படி அங்குள்ள கைக்கோடரி செய்தவர்களின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். எவ்வளவு குறைத்துப் பார்த்தாலும் 10 இலட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாது. அதே ஊரின் மேலடுக்குகளில் இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் ஏறத்தாழ 3 இலட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-இல் அறிவித்தார்கள். காலத்தைக் கணிக்கும் கருவியோ முறையோ ஃபூட்டின் கனவிலும் இல்லாதவை. அவர் கொடுத்தது ஊரின் பெயரை மட்டுமே. பெயர் இருந்ததால் 136 ஆண்டுகளுக்குப் பின் மண்வெட்டி சரியான இடத்தில் இறங்கியது.

ஒரு மறுப்புக்கு மட்டும் முழு விடை என்னிடம் இல்லை. சீட்டில் ஊர் இருக்கிறது, ஆட்கள் இல்லை. கூடாரம் தூக்கியவர், பள்ளம் வெட்டியவர், ‘இந்த மாதிரிக் கல் அந்த ஓடையில் கிடக்கும்’ என்று வழி காட்டியவர், கோயிலிலிருந்த கற்கோடரியைக் கொடுத்தவர் யாருக்கும் அந்தப் பட்டியலில் கண்டெடுத்தவர் என்ற இடம் கிடையாது. கும்பிட்டவர்களிடமிருந்து கும்பிடப்பட்ட பொருளைப் பெற்றுவந்ததில், விருப்பம் எவ்வளவு, அதிகாரத்தின் முன் மறுக்க முடியாத நிலை எவ்வளவு என்று இன்று அளக்க முடியாது. அந்தக் காலத்து வழக்கம் அது என்று சொல்லித் தட்டிக்கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்தக் கல்லில் செய்தது என்று எண் வாரியாக எழுதப் பொறுமை இருந்த இடத்தில், யார் கொடுத்தார் என்று எழுத ஒரு சொல்லுக்கு இடம் இருந்திருக்கும். நல்ல பட்டியலின் அருமையைச் சொல்லும் வாதமே அந்தப் பட்டியலின் குறையையும் காட்டிக்கொடுக்கிறது: பிரிக்கும்போது விடுபட்டது திரும்பி வராது.

பல்லாவரத்தில் 1863-இல் அவர் பார்த்த சரளைப் பள்ளம் இருந்த சூழல் இன்று நகரத்துக்கு அடியில் போய்விட்டது. செம்மண்ணும் சரளையும் சாலைக்கும் மனைக்கும் லாரி லாரியாகப் போகிற மாவட்டங்களில் இன்னும் எத்தனையோ ஆற்றுமேடுகள் அப்படிப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில் வீட்டுப் பரணிலும் பள்ளிக்கூட அலமாரியிலும் கிடக்கும் பழைய கல் பெட்டிகளைச் சிறிய விஷயமாக நினைக்க முடியாது. தாத்தாவோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ சேர்த்த பெட்டி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், கழுவித் துடைத்து அழகுக்கு ஏற்ப அடுக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். எந்தக் கல் எந்தத் தாளில் சுற்றியிருந்தது, எது எதோடு சேர்ந்திருந்தது என்பதைக் கலைக்குமுன் படம் எடுத்துவிடுங்கள். சேர்த்தவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, ஊர், ஓடை, வயலின் பெயர், எடுத்த ஆண்டு, எடுத்துக் கொடுத்தவரின் பெயர் என்று தெரிந்தவரை ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு எழுதுங்கள். தெரியாததை ஊகித்து நிரப்பாமல் வெற்றாக விடுங்கள். செதுக்கிய கல் என்று தோன்றினால் மாவட்ட அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். புதிதாக எதையும் தோண்டி எடுக்க வேண்டாம். பெட்டியில் இருப்பதற்கு ஊர் எழுதும் வேலையை, சொல்லக்கூடியவர் இருக்கும்போதே இந்த வாரமே தொடங்குங்கள்.